குருசுத்தீவில் கேட்ட கேள்வி

1972 ஜனவரி 7, வெள்ளி

நாளை காலை தோணி ஏறுகிறோம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விசேஷம்' என்று போட்டேன். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

விசேஷம் இதுதான். என் புருஷன் இன்னாசி, என் அண்ணன் கஸ்பார் தண்டலாக இருந்து ஓட்டும் தோணியில் வேலை பார்த்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் கடலோடு போய்விட்டார். தோணிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து வந்த சின்ன வள்ளத்தில் தண்ணீர் இறைக்க இறங்கினாராம். சுழல்காற்று வந்ததாம். கயிறு இற்றுப்போனதாம். ஆள் கிடைக்கவில்லை. வள்ளம் மட்டும் பிறகு வடக்கே ஒரு கரையில் ஒதுங்கியது. நான் போய்ப் பார்த்தேன். இற்ற கயிறு நார் நாராகப் பிரிந்திருக்கும். வள்ளத்தில் கிடந்த கயிற்று நுனி வெட்டின வாழைத்தண்டு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் நான் கை நனைத்ததில்லை.

இப்போது அவன் மகன் லிகோரிக்கு என் மகள் ஜெனோவாவைக் கேட்டு வந்தார்கள். முறைதான். பிள்ளைகளுக்கும் பிரியம். இரத்த உறவில் கட்டுவதற்கு ஆயர் இல்லத்து உத்தரவுகூட வாங்கி வைத்துவிட்டார்கள், அவ்வளவு அவசரம். நான் ஊர்க் கமிட்டி முன்னால் எழுந்து சொன்னேன். அண்ணன் குருசுத்தீவுக்கு வந்து மலையேறிச் சத்தியம் பண்ணட்டும், பண்ணினால் பெண் தருகிறேன் என்று. ஜெனோவா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

குருசுத்தீவு வழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் உள்ளது. கடல் நடுவில் கறுத்த மலை, உச்சியில் எந்தக் காலத்திலோ யாரோ நட்ட கல் குருசு. அங்கே பொய் சொன்னவன் பிள்ளை தங்காது என்பார்கள். பாய் விரித்துத்தான் போக வேண்டும், எஞ்சின் படகில் போனால் செல்லாது. கேட்கிறவளும் கேட்கப்படுகிறவனும் ஒரே தோணியில் போக வேண்டும். அவள் சமைக்க வேண்டும், அவன் அதைச் சாப்பிட வேண்டும். உச்சியில் ஒரே ஒரு கேள்வி. பதில் ஆமாம் அல்லது இல்லை, அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. இறங்கின பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் சாகும்வரை எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர் வராது.

பங்குச் சாமியாருக்கு இது பிடிக்காது. அஞ்ஞானம் என்று திட்டினார். திட்டி முடித்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை மந்திரித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மயினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அவிய ஏதும் மாத்திச் சொன்னா அது லிகோரி தலையிலதான் விழும். அப்புறம் ஜெனோவா தலையில விழும். அத யோசிச்சியளா?" என்று கேட்டாள். யோசித்தேன். தன் பிள்ளை தலையில் விழும் பொய்யை அவன் சொல்ல மாட்டான் என்பதுதான் என் ஒரே தைரியம்.

ஜனவரி 8, சனி

நாலாம் வகுப்பு டீச்சர் தோணியில் சமையல்காரி ஆகிவிட்டாள். மண் நிரப்பின பெட்டிதான் அடுப்பு. தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டியை இந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, பாய் வயிறு புடைத்து நிற்கிறது, எனக்குத்தான் வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லை.

கமிட்டி சார்பில் சாட்சிக்கு மோத்தா பெரியவர் வந்திருக்கிறார். ஏறின கையோடு படுத்துவிட்டார். தோணி ஆட்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மிக்கேல் என்பவன் மட்டும் ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். என் புருஷனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் அவன்.

குழம்பில் வேண்டுமென்றே மிளகாயை அள்ளிப் போட்டேன். அண்ணனுக்குக் காரம் ஆகாது, சிறு வயதிலிருந்தே. கண்ணில் தண்ணீர் வர ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். பொய் சொல்ல அவனுக்கு வரும் என்று அப்போதே குறித்துக்கொண்டிருக்கலாம்.

ஜனவரி 9, ஞாயிறு

பூசை இல்லாத ஞாயிறு. ஜெபமாலை சொன்னோம். வாந்தி. சமைத்தேன். சாப்பிட்டான்.

ஜனவரி 10, திங்கள்

இன்று வாந்தி இல்லை. அண்ணன் காலையில் ஒரு எலுமிச்சையை நகத்தால் கீறி என் கையில் வைத்துவிட்டுப் போனான். வேண்டாம் என்று தூக்கி எறிந்திருக்க வேண்டும். முகர்ந்துகொண்டே இருந்தேன்.

மத்தியானம் ஆட்கள் பாய் நிழலில் படுத்துவிட்டார்கள். சுக்கானில் அவன் மட்டும் இருந்தான். என்னைக் கூப்பிட்டான்.

"ஏளா எமரன்சி, இங்க வந்து இரி. மலைக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

போய் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னான்.

"நாளக்கழிச்சி நீ என்ன கேப்பன்னு எனக்குத் தெரியும். கயித்த அறுத்தியான்னு கேப்ப. அறுத்தேன்."

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். அன்றைக்குச் சுழல்காற்று அடித்தது நிஜம். வள்ளம் தண்ணீர் நிறைந்து தோணியைப் பின்னுக்கு இழுத்தது. சுக்கான் உடைகிற நிலை. உடைந்தால் தோணியில் இருக்கிற அத்தனை பேரும் போக வேண்டியதுதான்.

"அவந்தான் கத்துனான் எமரன்சி. அறுத்து விடுங்க மச்சான், பிள்ளையளப் பாருங்கன்னு. ரெண்டு தடவ கத்துனான். நா ரெண்டாவது தடவதான் அறுத்தேன்."

"இத ஏன் ஊருல சொல்லல?"

"எப்படிச் சொல்ல? தங்கச்சி புருசன நாந்தான் அறுத்து விட்டேன்னு உம் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியுமா? இப்பமும் பாரு, மலையில நீ அறுத்தியான்னு கேட்டா நா ஆமான்னுதான் சொல்லணும். ஏன் அறுத்தேன்னு சொல்ல அங்க எடமில்ல. அந்த ஒரு ஆமாவோட நா கொலகாரன், எம் மவன் கொலகாரன் மவன். உனக்கு எது நாயமாப் படுதோ அதக் கேளு."

பிள்ளைகளைப் பாருங்கள். இவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் வெளியே கிளம்பும்போது அதைத்தான் சொல்வார். தன் உயிர் போகிற நேரத்தில் என் பெயரைச் சொல்லாமல் எங்களையெல்லாம் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை இன்று வந்தது. அண்ணன் சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை என் தலையில் வைத்தான். நான் தட்டிவிடவில்லை.

ராத்திரிக் குழம்பில் காரம் சரியாகப் போட்டேன். மீன் தலை அவனுக்குத்தான் பிடிக்கும், அதை அவன் தட்டில் வைத்தேன். சமைக்கிறவள் கையில் கரண்டி தானாக எங்கே போகிறதோ போகட்டும்.

ஒன்று மட்டும் நெருடுகிறது. கடைசிப் பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் இவர், "இதோட சரி, இனி உங்கண்ணன் தோணியில ஏற மாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வந்து சொல்கிறேன் என்றார். களைப்பில் சொல்லியிருப்பார். மச்சான்மாருக்குள் ஆயிரம் இருக்கும்.

ஜனவரி 11, செவ்வாய்

தீவு தெரிந்துவிட்டது. தூரத்தில் முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். கிட்டே வர வர நிமிர்ந்துகொண்டே போனது. மணல் என்று பெயருக்கு ஒரு கீற்று, மற்றதெல்லாம் கல். மனுஷர் இல்லை. முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன ஆடுகள் பாறைமேல் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. நங்கூரம் போட்டிருக்கிறோம். காற்று மலையில் மோதித் திரும்பி வருவதால் தோணி ஓயாமல் ஆடுகிறது.

கேள்வியை மனதில் எழுதி அழித்து எழுதி அழித்துப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவளுக்கு ஒரு கேள்வி அமையவில்லை.

ஜனவரி 12, புதன்

விடிந்ததும் ஏறினோம். பாதை என்று ஒன்றும் இல்லை. மோத்தா பெரியவரை மிக்கேலும் இன்னொருவனும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரு இடத்தில் கால் வழுக்கியது. அண்ணன்தான் பிடித்தான். ஏறும்போது தொட்டால் குற்றமில்லையா என்று பெரியவரிடம் கேட்டேன். அதற்கு வழக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

உச்சியில் நிற்கவே முடியவில்லை, அப்படிக் காற்று. குருசு என் இடுப்பு உயரம்தான். இதற்கா இவ்வளவு பயம் என்று தோன்றியது. மெழுகுவர்த்தி எரியவில்லை. நாலைந்து தீக்குச்சி வீணானதும் பெரியவர், "ஏத்துனதா வச்சிக்கிடுவோம்" என்றார்.

அண்ணன் முழங்காலில் நின்று குருசின்மேல் கையை வைத்தான். நான் அவன் தலையில் கை வைத்தேன். முடி கொட்டிவிட்டது அவனுக்கு. கேள் என்றார் பெரியவர்.

கேட்டேன். "எம் புருசன் சாகணும்னு நீ நெனச்சியா?"

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மிக்கேலும் பார்த்தான்.

"இல்ல," என்றான் அண்ணன். சத்தமாக, தெளிவாக.

முடிந்துவிட்டது. ஒரு தட்டில் சோறு போட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். பெரியவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "இனி இந்தப் பேச்சு இந்த மலையோட" என்றார். இறங்கும்போது மனது லேசாக இருந்தது. இவரை முறையாக அடக்கம் செய்துவிட்டு வருவது போல இருந்தது. ஜெனோவாவிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்தேன். கல்யாணத்துக்கு நான்தான் தேங்காய்ப்பால் சொதி வைக்க வேண்டும் என்பாள்.

ஜனவரி 13, வியாழன்

எதிர்க்காற்று. கோணல்மாணலாகத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறார்கள். எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். டீச்சர் டீச்சர் என்று ஒரே உபசாரம். அண்ணன் பாட்டுப் பாடுகிறான். சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணத்தை வைத்துவிட வேண்டும், பந்தலுக்கு யாரைச் சொல்வது என்று என்னிடம் யோசனை கேட்டான். சொன்னேன். சிரித்தும் பேசினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 14, வெள்ளி

காற்று செத்துப்போனது. பாய் துவண்டு தொங்குகிறது. கடல் தேங்காயெண்ணெய் உறைந்த மாதிரி அசையாமல் கிடக்கிறது. நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். அண்ணனும் பெரியவரும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். மிக்கேல் தண்ணீர் மொண்டு கொடுக்க வந்தவன் போகாமல் நின்றான்.

"டீச்சர், ஒங்களக் கும்பிடணும் போல இருக்கு. வேற யாரா இருந்தாலும் அந்தக் கேள்வியக் கேட்டிருக்க மாட்டாவ."

"எந்தக் கேள்விய?"

"எல்லாம் தெரிஞ்சும் மன்னிச்சித்தான அப்பிடிக் கேட்டிய. அறுத்தியான்னு கேட்டிருந்தா தண்டல் செத்தாவ. சுக்கான்ல வச்சி ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டதா நேத்து எங்ககிட்ட சொன்னாவ. அவிய நெனைக்கலதான் டீச்சர். கோவத்துல பண்ணதுதான். அன்னைக்கும் இப்பிடித்தான், காத்தே இல்லாம கெடந்திச்சி."

மீன் கையிலிருந்து நழுவியது. எடுத்துக்கொண்டேன். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை உளறும்போது நடுவில் தடுக்கக்கூடாது, தடுத்தால் நிறுத்திவிடும். அதனால் நான், "ஆமா, காத்து இல்லாம" என்று மட்டும் சொன்னேன்.

அவன் சொன்னான். சரக்குக்கு அடியில் அண்ணன் கள்ளச்சரக்கு வைத்து ஓட்டுவது இவருக்குத் தெரிந்துவிட்டது. கரை சேர்ந்ததும் சுங்கக்காரரிடம் சொல்லிவிடுவேன் என்றார் இவர். பேச்சு முற்றியது. உன் தோணியே வேண்டாம், தூரத்தில் கரை தெரிகிறது, நானே போய்க்கொள்கிறேன் என்று வள்ளத்தில் இறங்கினார். துடுப்பை எடுத்துத் தரச் சொல்லிக் கை நீட்டினார்.

"தண்டல் துடுப்பக் குடுக்கல. போலே, நீந்திப் போன்னு கயித்த அறுத்து விட்டுட்டாவ. கொஞ்ச நேரம் கெடந்து கத்தட்டும், சாயங்காலம் இழுத்துக் கட்டிக்கிடுவோம்னு சொன்னாவ. நாங்களும் சிரிச்சோம் டீச்சர். மச்சான் மச்சான் வெளையாட்டுன்னு நெனச்சோம். நீரோட்டம் வள்ளத்த அந்தப் பக்கம் கொண்டு போச்சி, காத்தில்லாம தோணி பின்னால போக முடியல. இருட்டுனப்பொறவுதான் காத்து வந்திச்சி. தேடத்தான் செஞ்சோம். விடியும்வரைக்கும் தேடுனோம். தண்டல் அழுதாவ."

"அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

"யாரு, இன்னாசியண்ணனா?" மிக்கேல் யோசித்தான். "துடுப்பத் தாங்கன்னுதான் கத்துனாவ. வேற ஒண்ணும் கேக்கல."

அவன் போன பிறகு மீன் முழுவதையும் அரிந்து முடித்தேன். குழம்பு வைத்தேன். திரும்பும் வழியில் நான் சமைக்க வேண்டும் என்று வழக்கத்தில் இல்லை. ஆனால் பழகிவிட்டது.

பிள்ளைகளைப் பாருங்கள் என்று இவர் சொல்லவேயில்லை. அது அண்ணன் எனக்காகச் செய்த வாக்கியம். இவர் என்ன சொல்வார், எதைச் சொன்னால் நான் கரைவேன் என்று கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா? சாகடித்ததுகூடப் போகட்டும். செத்தவர் வாயில் ஒரு நல்ல வார்த்தையை வைத்து என்னிடம் விற்றானே, அதற்கு நான் மீன் தலை எடுத்து வைத்தேனே.

மலையிலும் அவன் பொய் சொல்லவில்லை. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவன் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. நான் கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான விடை, முழு மதிப்பெண்.

ஜனவரி 15, சனி

காற்று வந்துவிட்டது. அண்ணன், "என்ன ஏளா, திரும்பவும் கொமட்டுதா?" என்று எலுமிச்சை கொண்டுவந்தான். ஆமாம் என்றேன்.

ஜனவரி 17, திங்கள்

கரை. பாதி ஊர் கடற்கரையில் நின்றது. பெரியவர் இறங்குவதற்கு முன்பே கையைத் தூக்கிக் காட்டிவிட்டார். வெடி போட்டார்கள். லிகோரி தண்ணீரில் இறங்கி வந்து என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? ஜெனோவா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று. அங்கேயே அந்த மணலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாய் வந்தது. அவள் அழுதுகொண்டே, "தேங்க்ஸ் அம்மா" என்றாள்.

ஜனவரி 18, செவ்வாய்

இன்று காலை ஜெனோவா எனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். உப்புக்காற்றில் முடி சிக்காகிவிட்டது. சிக்கெடுத்துக்கொண்டே கல்யாண விஷயம் எல்லாம் பேசினாள். என் முகத்தை அவள் பார்க்க முடியாத நிலையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் தைரியம் வந்தது.

"ஜெனோவா, அப்பா விசயத்துல ஒண்ணு..."

சீப்பு நின்றது.

"அம்மா, மாமா இல்லன்னு சொல்லிட்டாவல்லா?"

"சொல்லிட்டான். ஆனா..."

"இருங்க." அவள் சுற்றி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கை முழுக்க எண்ணெய். "நீங்க சொன்னா நான் கேக்கத்தான் செய்வேன். கேட்டா அந்த வீட்டுக்கு நான் போக முடியாது. அப்புறம் ஊரு நம்ம வீட்டுக்கு வராது. நானும் லிகோரியும் என்னத்தம்மா செஞ்சோம்? யோசிச்சிச் சொல்லுங்க. சொல்லப் போறியளா?"

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கயிற்று நுனியைப் பார்க்கப் போனபோது அவளும்தான் கூட வந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். எனக்கு இப்போதுதான் அது நினைவு வருகிறது.

"ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு ஒரு பூச வைக்கணும்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

"வைப்போம்," என்று எழுந்து போய் மறுபடி சிக்கெடுத்தாள். இழுத்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஜனவரி 23, ஞாயிறு

கோயிலில் ஜெனோவா, லிகோரி கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." எத்தனை வருஷமாக யார் யாருக்கோ வாசிக்கக் கேட்டிருக்கிறேன். கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வார்த்தை அதில் இருக்கிறது என்று இன்றுதான் காதில் விழுந்தது.

மிக்கேலைக் கடைத்தெருவில் பார்த்தேன். என்னைக் கும்பிட்டான். ஊரெல்லாம் என்னைக் கும்பிடுகிறது. பெரிய மனசு டீச்சருக்கு என்கிறார்கள்.

ஜனவரி 30, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தலைவலி என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன். பூசை முடிந்து சாமியார் அறை வாசல்வரை போனேன். உள்ளே அண்ணன் உட்கார்ந்து கோயில் பாடலுக்குப் பணம் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "வா வா, நீயே சொல்லு, எந்தப் பாட்டு?" என்றான். சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

மூன்றாம் ஓலை. இன்று முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள், பெண்ணின் தாயார் என்று. ஒரு பக்கம் மயினி, மறுபக்கம் ஜெனோவா.

தடை அறிந்தவர்கள் என்று வாசித்துவிட்டு, சாமியார் வழக்கம் போல ஒரு நொடி நிறுத்தினார். ஜெனோவாவின் கை என் கைக்குப் பக்கத்தில் பெஞ்சின்மேல் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சாமியாரைப் பார்த்தேன். அவர் கேட்டது, உத்தரவு வாங்காத இரத்த உறவு உண்டா, முன்பே யாரையும் மணந்தவர்களா, வேறொருவருக்கு வாக்குக் கொடுத்தவர்களா என்பதைத்தான். துடுப்பைக் கொடுக்காதவன் மகனைக் கட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கேட்ட கேள்விக்கு நானும் பொய் சொல்லவில்லை. என் அண்ணன் தங்கச்சிதானே நான்.

சாமியார் அடுத்த பெயர்களை வாசிக்கப் போய்விட்டார்.

வெளியே வரும்போது மயினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கூறைச் சேலை எடுக்க என்றைக்குப் போகலாம் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன்.